‘மைனாரிட்டி’: ஒரு லத்தீன் சொல்லும் ஓர் எல்லைக்கோடும்

ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று ஒரே சாலையின் இரு முனைகளிலும் விழா நடக்கிறது. திருவனந்தபுரத்தில் அது ‘கேரளப் பிறவி’ நாள். நாகர்கோவிலில் அது குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள். உள்ளூர் விடுமுறையும் உண்டு. இவ்விரு விழாக்களுக்கும் நடுவே பாறசாலை, பரசுவைக்கல், செங்கல், காரோடு, கொல்லயில், குளத்தூர் என்று நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடி ஊர்கள் கிடக்கின்றன. அங்கே வீட்டுக்குள் தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்களுக்கு அது என்ன நாள் என்று இரு அரசுகளில் எதுவும் இதுவரை சொன்னதில்லை. 1956-இல் அந்நாள் விடிந்தபோது அவர்களுக்கு விழா கிடைக்கவில்லை, ஒரு பெயர் கிடைத்தது: மொழிச் சிறுபான்மையினர்.

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் தமிழர் எண்ணிக்கையில் குறைந்தவர்களே. ஆனால் அன்று நெய்யாற்றின்கரையின் தமிழ்க் கிராமம் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்று தொடர்ந்து கிடந்த பெரிய நிலப்பரப்பின் ஒரு முனை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டனர். அந்தக் கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த ராம் மனோகர் லோகியாவே தம் கட்சி அரசு பதவி விலக வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு அந்த இரத்தம் வெளிப்படையாக இருந்தது. 1955 செப்டம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அறிக்கை தந்தது. தென்கோடியின் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் வந்தது. தேவிகுளமும் பீருமேடும் வரவில்லை. நெய்யாற்றின்கரையும் வரவில்லை. தொடர்ந்து கிடந்த நிலத்தின் முனை நறுக்கப்பட்டது; நறுக்கப்பட்ட துண்டு சிறுபான்மை ஆயிற்று.

மொழிவழி மாநிலம் என்பது ஜனநாயகக் கோரிக்கை. கம்யூனிஸ்டுகள் அதற்காகப் போராடினார்கள், அது சரியே. அதற்காக எந்தக் கோடும் மொழியைச் சரியாக வகுத்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. கோடு எங்கே போட்டாலும் இருபுறமும் கொஞ்சம் பேர் மிஞ்சுவார்கள். களியக்காவிளையில் நின்று பார்த்தால் இது விளங்கும். சந்தையிலிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்து இஞ்சிவிளைக்குள் காலெடுத்து வைத்தால் தமிழ் பேசுபவன் சிறுபான்மையினன். தெற்கே திரும்பி நடந்தால் மலையாளம் பேசுபவன் சிறுபான்மையினன். வழியில் அவன் நிறம் மாறவில்லை, தொழில் மாறவில்லை, தேநீர்க் கடையில் அவன் பேசும் இரண்டும் கலந்த பேச்சும் மாறவில்லை. மாறியது அவனைப் பற்றி அரசு வைத்திருக்கும் கணக்கு மட்டுமே. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையே: மொழிச் சிறுபான்மை யார் என்பதைத் தீர்மானிக்கும் அலகு மாநிலம்.

ஆக, சிறுபான்மை என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் இயல்பு அன்று. ஒரு கோட்டுக்கும் ஒரு தலைக்கணக்குக்கும் இடையிலான உறவு. ஆனால் அரசின் நடைமுறையில் அது அப்படிப் புழங்குவதில்லை. அங்கே அது ஒரு தகுதிக் குறைவாக, காப்பாளரின் தயவில் வளர வேண்டிய பிள்ளையின் நிலையாகப் புழங்குகிறது. இந்தத் திரிபு எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சொல்லின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

ரோமானியரின் ‘மைனர்’

லத்தீனில் ‘மினோர்’ என்றால் ‘இன்னும் சிறியது’. ரோமானியச் சட்டத்தில் இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவன் ‘மினோர்’. பருவம் எய்தாத பிள்ளைக்கு ‘தூதோர்’ என்ற காப்பாளன் உண்டு. அந்தக் காப்புக்குத் ‘தூதேலா’ என்று பெயர். பிள்ளையின் சொத்தைக் காப்பாளன் ஆள்வான், பிள்ளையின் சார்பில் பேசுவான். சொத்துள்ள குடும்பங்களின் சொத்து சிதறாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அடிமையின் மகனுக்குக் காப்பாளன் எதற்கு?

இடைக்கால லத்தீனில் ‘மினோரித்தாஸ்’ என்ற பெயர்ச்சொல் பிறந்தது. ஐரோப்பிய மொழிகள் ஒவ்வொன்றும் அதைத் தத்தம் வழியில் எடுத்துக்கொண்டன. பிரெஞ்சில் ‘மினோரித்தே’ என்பது வயது வராத நிலையையும் குறிக்கும், எண்ணிக்கையில் குறைந்தோரையும் குறிக்கும். இரண்டாவது பொருள் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில நாடாளுமன்ற வாக்கெடுப்பு வழக்கிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. ஆங்கிலத்தின் ‘மைனாரிட்டி’யும் அதே இரட்டைப் பொருளைச் சுமக்கிறது. ஸ்பானியத்தில் ‘மினோரியா’ என்று தனியே சொன்னால் எண்ணிக்கை; வயதைச் சொல்ல வேண்டுமானால் ‘வயதின் மினோரியா’ என்று விரித்துச் சொல்ல வேண்டும். (அதே வேரிலிருந்து ஸ்பானியர் சில்லறை வணிகனுக்கும் ஒரு பெயர் செய்துகொண்டார்கள்: ‘மினோரிஸ்தா’.) இத்தாலியர் இரண்டையும் பிரித்தேவிட்டார்கள்: வயது வராமை ‘மினோரித்தா’, எண்ணிக்கையில் குறைவு ‘மினோரான்சா’. ஜெர்மனில் லத்தீன் வழியே வந்த ‘மினோரித்தேட்’டும் உண்டு, அதைப் பெயர்த்துச் செய்த ‘மிண்டர்ஹைட்’டும் உண்டு; வயது வராமைக்கு அங்கே வேறு சொல்.

சொல்லைப் பிரித்தால் மட்டும் எண்ணம் பிரிந்துவிடுவதில்லை என்பதற்கும் இத்தாலியே சான்று. முசோலினியின் ஆட்சியில் தென் திரோலின் ஜெர்மன் பேசுவோர் பள்ளியிலும் தெருப்பெயரிலும் தாய்மொழியை இழந்தார்கள். பாசிசம் வீழ்ந்தபின் எழுதப்பட்ட குடியரசின் அரசியல் சட்டம் ஆறாம் உறுப்பில் மொழிச் சிறுபான்மைகளுக்குக் காப்பு அளித்தது. அந்தக் காப்பைச் சொல்ல அங்கே கையாளப்பட்ட சொல் எது? ‘தூதேலா’. ரோமானியக் காப்பாளன் இரண்டாயிரம் ஆண்டு கழித்துக் குடியரசின் சட்டப் புத்தகத்துக்குள் வந்து அமர்ந்தான். பிரான்சின் முதலாளித்துவக் குடியரசு வேறு வழி பிடித்தது. பிரெத்தோன், பாஸ்க், கோர்சிக மொழிகள் பேசுவோர் கண்முன் இருக்க, தன் மண்ணில் சிறுபான்மை என்ற ஒன்றே இல்லை என்று அது உலக மன்றங்களில் சாதிக்கிறது. குடிமக்கள் அனைவரும் சமம், ஆகவே பிரெத்தோன் பேசும் குழந்தைக்குத் தனியே எதுவும் வேண்டியதில்லை என்பது அதன் வாதம். காப்பாளனாக நிற்பது ஒரு தந்திரம் என்றால், பிள்ளையே பிறக்கவில்லை என்பது இன்னொரு தந்திரம். திருவனந்தபுரத்தில் இரண்டும் சமயத்துக்கேற்ப எடுத்தாளப்படுகின்றன.

போகிற போக்கில் ஒன்று. ‘மினிஸ்டர்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். லத்தீனில் ‘மினுஸ்’ என்றால் குறைவு. ‘மினிஸ்தெர்’ என்றால் கீழே நிற்பவன், பணிவிடைக்காரன். சிறியவனும் அமைச்சனும் ஒரே வேரின் இரு கிளைகள். ஒருவனுக்குச் சுழல் விளக்கு வண்டி கிடைத்தது, மற்றவனுக்கு மனு எழுதும் தாள் கிடைத்தது.

ஆங்கிலத்தின் இரட்டைப் பொருளைத்தான் இந்திய நிர்வாகம் கடன் வாங்கியது. கேரள அரசின் கோப்புகளில் அது ‘பாஷா ந்யூனபக்ஷம்’ என்று வருகிறது. நியூனம் என்றால் குறை. வடமொழியில் அது ஊனத்தையும் குறிக்கும். தமிழிலோ ‘சிறுபான்மை’ என்ற சொல்லை உரையாசிரியர்கள் வெகுகாலம் இலக்கண நூல்களில் கையாண்டு வந்திருக்கிறார்கள். பெரும்பான்மை இவ்வாறு வரும், சிறுபான்மை அவ்வாறும் வரும் என்பார்கள். சிறுபான்மையாக வருவதும் வழக்கே. அது பிழை என்று எந்த உரையாசிரியரும் தள்ளவில்லை. இலக்கணக்காரனுக்கு இருந்த இந்த நிதானம் கல்வித்துறைச் செயலகத்துக்கு வரவில்லை.

தமிழில் வேறொரு மைனர்

தமிழ் மக்கள் அந்த லத்தீன் சொல்லை நேரடியாகவும் எடுத்துக்கொண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1804-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்ற ஏற்பாட்டை நிறுவியது. ஜமீன்தார் இறந்து வாரிசு வயது வராதவனாயிருந்தால் ஜமீனைக் கும்பினி அரசு ஏற்று நடத்தும். குத்தகை தவறாமல் வசூலாகும், கடன் அடையும், பணம் சேரும். வாரிசுக்கு ஆங்கிலத் துரைமார் பாடம் சொல்லுவார்கள். வயது வந்தவுடன் ஜமீனும் சேர்ந்த பணமும் அவன் கைக்கு வரும். அதன்பின் என்ன நடக்கும் என்பதைத் தமிழகத்து ஊர்கள் பார்த்தன. ‘மைனர்’ என்ற சொல் தமிழில் பட்டுச் சட்டையும் கழுத்துச் சங்கிலியும் அணிந்து ஊர்மேயும் பணக்கார வீட்டுப் பிள்ளையைக் குறிக்கலாயிற்று. இன்றும் ‘மைனர் செயின்’ என்ற பெயர் நகைக்கடையில் உண்டு. ரோமானியச் சட்டம் சொல்லாமல் மறைத்ததைக் குடியானவன் ஒரே சொல்லில் வெளிப்படுத்திவிட்டான்: காப்பு யாருக்கு? சொத்துக்கு.

ஜமீன் மைனருக்குக் காப்பு ஒரு நாள் முடியும், சொத்து கைக்கு வரும். பாறசாலையின் மொழி மைனருக்கு எழுபது ஆண்டு ஆகப்போகிறது. காப்பு முடியவில்லை, கைக்கு வந்ததும் இல்லை.

மார்க்ஸ், எங்கெல்ஸின் கையில் இதே சொல் தலைகீழாகத் திரும்பியது. 1848-இன் கம்யூனிஸ்ட் அறிக்கையில் ‘மினோரித்தேட்’ என்ற லத்தீன் வழிச் சொல் வருமிடம் ஒன்று உண்டு. அதுவரை வரலாற்றில் நடந்த இயக்கங்கள் சிலரால், சிலர் நலனுக்காக நடந்தவை என்றும், பாட்டாளி வர்க்க இயக்கம் மிகப் பெரும்பாலோரின் இயக்கம் என்றும் விளக்கும் இடம் அது. அங்கே சிறுபான்மை என்பது ஒதுக்கப்பட்டவர்களின் பெயர் அன்று, ஆள்பவர்களின் பெயர். சொத்துடைய அந்தச் சிலர் சங்கிலி போட்ட தமிழ் மைனரின் ஐரோப்பிய உறவினர்கள்.

இந்த நூலாசிரியரின் வாழ்க்கையை இந்திய மொழியொன்றில் முதன்முதலில் எழுதியவர் நெய்யாற்றின்கரைக்காரர் என்பதை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையின் மார்க்ஸ் வரலாறு 1912-இல் மலையாளத்தில் வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1910 செப்டம்பர் 26 அன்று, திருவிதாங்கூர் மன்னராட்சி அவரது அச்சகத்தைப் பறிமுதல் செய்து அவரை நாடுகடத்தியது. ஆரல்வாய்மொழிக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையில் கொண்டுபோய் விட்டார்கள். அவருக்கும் ஓர் எல்லைக்கோடு இருந்தது. அதை வரைந்தது மொழி அன்று, அரண்மனை.

ருஷ்யாவில் ‘சிறுபான்மை’ ஒரு கோஷ்டியின் பெயராகவே ஆனது. ‘மென்ஷின்ஸ்த்வோ’ என்பது அங்கே எண்ணிக்கையில் குறைந்தோரைக் குறிக்கும் ருஷ்யச் சொல். 1903-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கி லண்டனுக்கு மாறிய இரண்டாம் காங்கிரசில், கட்சி உறுப்பினர் யார் என்பதை வரையறுக்கும் முதல் விதியில் மார்த்தோவ் 28, லெனின் 22 வாக்குகள் பெற்றார்கள். பின்னர் யூதத் தொழிலாளர் அமைப்பாகிய புந்தின் 5 பிரதிநிதிகளும் பொருளாதாரவாதிகள் 2 பேரும் வெளியேறினார்கள். பத்திரிகை ஆசிரியர் குழுத் தேர்தலில் லெனின் பக்கம் பெரும்பான்மை ஆயிற்று. அன்றைய ஒரு வாக்கெடுப்பின் கணக்கை மார்த்தோவின் ஆட்கள் தங்கள் நிரந்தரப் பெயராக ஏற்றுக்கொண்டார்கள். பிற்பாடு எத்தனையோ இடங்களில் எண்ணிக்கையில் மிகுந்திருந்தபோதும் அவர்கள் ‘சிறுபான்மையர்’தான். ஒரு நாள் கணக்கைப் பெயராகச் சூடிக்கொள்வதன் விலை அது.

பத்துப் பேர், நாற்பது பேர்

இனி இந்தியச் சட்டத்துக்கு வரலாம். 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு விதி செய்தார்கள்: ஒரு பள்ளியில் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் வேறு தாய்மொழியினராக இருந்தால் தொடக்கநிலையில் அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் நியமிக்க வேண்டும். 1956-இல் ஏழாம் திருத்தத்தின் வழியே 350-ஏ, 350-பி என்ற உறுப்புகள் வந்தன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி வசதி செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது முதலாவது. முயல வேண்டும் என்பதற்கும் செய்ய வேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தில்தான் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் படிப்பு காணாமற்போனது. இரண்டாவது உறுப்பு ஒரு சிறப்பு அலுவலரை நியமித்தது. அவர் அறிக்கை எழுதுவார், அறிக்கை குடியரசுத் தலைவருக்குப் போகும்.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தம் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ளலாம் என்கிறது. உள்ளூர் அலுவலகம் என்று வரும்போது மட்டும் ஒரு நிபந்தனை: அது மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடத்தில் இருக்க வேண்டும். ஒரு கூலித் தொழிலாளிக்கு வாழ்நாளில் தலைமைச் செயலகத்துக்கு எழுத எத்தனை முறை நேரும்? அவளுக்கு வேண்டியது கிராம அலுவலகம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், காவல் நிலையம். அங்கே அவள் உரிமை அறிவிப்புக்குக் காத்திருக்கிறது. அறிவிப்போ காப்பாளன் கையில் இருக்கிறது.

பள்ளியில் இந்தக் கணக்கு எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் மாணவர் தலை எண்ணப்படுகிறது. ஆசிரியர் பணியிடம் இருக்குமா போகுமா என்பதை அந்த எண்ணிக்கை முடிவு செய்கிறது. இந்த முறை மலையாள வழிப் பள்ளிக்கும் உண்டு. ஆனால் மலையாள வழியில் ஒரு பிரிவு போனால் பக்கத்து ஊரில் இன்னொன்று இருக்கும். தமிழ் வழியில் ஒரு பிரிவு போனால் அத்தோடு சரி. வேலைக்கான தேர்வும் அலுவலகப் படிவமும் வேறு மொழியில் இருக்கும் ஊரில், மரம் ஏறுபவரும் ரப்பர் பால் வெட்டுபவரும் தம் பிள்ளையைத் தமிழ் வழியில் சேர்க்கத் தயங்குவார்கள். தயங்கினால் எண்ணிக்கை குறையும். குறைந்தால் ஆசிரியர் போவார். ஆசிரியர் போன பள்ளியில் யார் சேர்ப்பார்கள்? பிறகு அதிகாரி வந்து, தேவை இல்லை, யாரும் கேட்கவில்லை, இவர்கள் எல்லாம் மலையாளிகளாகவே ஆகிவிட்டார்கள் என்று எழுதுவார். கேட்கும் வாயை அடைத்துவிட்டு மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழைய ரோமானியக் காப்பாளன்தான் அவரும்.

கலந்து போனார்கள் என்ற வாதத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. நெய்யாற்றின்கரை வட்டத்தின் பாலராமபுரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், பாலராமவர்மா ஆண்ட காலத்தில், தமிழ்ச் சீமையிலிருந்து சாலிய நெசவாளர் குடியேற்றப்பட்டார்கள். ஓணத்துக்குக் கேரளம் முழுவதும் உடுத்தும் கசவு முண்டின் புகழ் அவர்கள் தறியில் பிறந்தது. மக்கள் இவ்வாறு கலப்பது நல்லது. தறியும் சந்தையும் திருமணமும் கலக்கட்டும். படிவமும் பணியிட நீக்கமும் கொண்டு ஒரு மொழியைக் கரைப்பதற்குக் கலப்பு என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை.

எல்லையின் அந்தப் பக்கம்

இவ்வளவும் படித்துத் தலையாட்டும் தமிழகத்துத் தோழர் ஒருவர் இனித்தான் கவனமாகப் படிக்க வேண்டும். 2017-இல் கேரளம் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது. காசர்கோட்டுக் கன்னடர்கள் வீதிக்கு வந்தார்கள். அதற்குப் பதினோராண்டு முன்பே, 2006-இல், தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் கொண்டுவந்து படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியிருந்தது. இங்கேயும் மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போயின. விளவங்கோட்டில் மலையாளம் பேசும் குழந்தையும் பாறசாலையில் தமிழ் பேசும் குழந்தையும் ஒரே சட்டத்தின் இரு பிரதிகளுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பது நல்லது, அது வேலைக்கும் தோழமைக்கும் வேண்டியது. தாய்மொழிக்கு ஆசிரியரைத் தராமல் மற்ற மொழியை மட்டும் கட்டாயமாக்குவதே எதிர்க்கப்பட வேண்டியது. அதைக் காரோட்டில் எதிர்த்துவிட்டுக் களியக்காவிளையில் ஆதரிப்பவன் மொழியுரிமை பேசவில்லை. தன் வீட்டுக் காப்பாளன் வல்லவன் என்று பேசுகிறான்.

‘இழந்த மண்’ என்று மேடையில் முழங்குவோர் இந்த மக்களின் இரண்டாவது காப்பாளர்கள். தேர்தல் நெருங்கும்போது நெய்யாற்றின்கரை அவர்கள் நாவில் வரும். அங்குள்ள ஒரு தமிழ் வழிப் பிரிவு மூடப்படும்போது எவரும் வருவதில்லை. சிறுபான்மையை நிலக் கோரிக்கைக்குச் சாட்சியாக நிறுத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஐரோப்பா பார்த்தது. 1919-இல் வெர்சாயில் போலந்தோடும் பிற புதிய நாடுகளோடும் சிறுபான்மை ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. உலக நாடுகள் சங்கம் காப்பாளன் ஆயிற்று. ஒப்பந்தம் எழுதிய வல்லரசுகள் தங்கள் குடியேற்றங்களுக்கு அதைப் பொருத்திக்கொள்ளவில்லை. இருபதாண்டு கழியுமுன் செக்கோஸ்லோவாகியாவின் ஜெர்மன் சிறுபான்மைக்குக் காப்பாளன் என்று சொல்லிக்கொண்டு ஹிட்லர் உள்ளே புகுந்தான். களியக்காவிளை மேடைப் பேச்சாளர் ஹிட்லர் அல்லர்தான். சிறுபான்மையின் துயரத்தைச் சொந்த முதலீடாக்கும் வணிகம் மட்டும் ஒன்றே.

இதற்கிடையே மூலதனம் எந்த மொழியில் எல்லை கடக்கிறது? 2015-இல் அதானி குழுமத்தோடு ஒப்பந்தமாகி எழுந்த விழிஞ்ஞம் துறைமுகம் நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடற்கரையில் இருக்கிறது. அதன் அலைத்தடுப்புச் சுவருக்கான பாறைகள் தமிழகத்துக் குவாரிகளிலிருந்தும் போயின. குமரியின் மலைகள் லாரியேறி எல்லை கடக்கையில் அவற்றின் தாய்மொழி என்ன என்று சோதனைச் சாவடி கேட்கவில்லை. திரும்பி வர வேண்டிய நெய்யாற்றுத் தண்ணீர் மட்டும் 2004 முதல் இடதுகரைக் கால்வாயில் நின்றுபோனது. விளவங்கோட்டு வயல்கள் காய்ந்தன. கல்லுக்குக் கோடு இல்லை, தண்ணீருக்கு உண்டு, எழுத்துக்கு உண்டு. விழிஞ்ஞத்தில் மீன்பிடி இடத்தை இழந்த மலையாள மீனவனும், மலை குடையப்பட்ட கிராமத்துத் தமிழ் விவசாயியும் ஒரே கணக்கில் பெரும்பான்மை. அந்தக் கணக்கை எந்த அரசும் எடுப்பதில்லை.

ஒரே ஒரு குழந்தை

மொழிச் சிக்கலை எழுப்பினால் தொழிலாளர் ஒற்றுமை குலையும், வர்க்கப் பிரச்சினை பின்தள்ளப்படும் என்று நினைக்கும் தோழர்களும் உண்டு. அவர்களுக்கு 1913 டிசம்பரில் லெனின் எழுதிய ஒரு சிறு கட்டுரை பதில் சொல்லும். 1911-இன் பள்ளிக் கணக்கெடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு பீட்டர்ஸ்பர்க் பள்ளி மாணவரின் தேசிய இனங்களை அவர் ஆராய்கிறார். மொத்தம் 48,076 மாணவர்கள். மிகப் பெரும்பாலோர் ருஷ்யர்கள். மற்றவர்களில் ஜார்ஜியக் குழந்தை ஒன்றே ஒன்று. பள்ளிகளைத் தேசிய இன வாரியாகப் பிளக்க வேண்டும் என்ற கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகவே படிக்க வேண்டும் என்கிறார். ஆனால் அதே மூச்சில், தாய்மொழியையும் தம் மக்களின் வரலாற்றையும் கற்பிக்க அரசு செலவில் இடமும் ஆசிரியரும் கேட்கலாம் என்கிறார். அந்த ஒற்றை ஜார்ஜியக் குழந்தையின் உரிமையையும் சமத்துவ அடிப்படையில் காக்க முடியும் என்று வாதாடுகிறார். அடுத்த மாதமே, 1914 ஜனவரியில், கட்டாய ஆட்சிமொழி எதற்கு என்று கேட்டு இன்னொரு கட்டுரை. புரட்சி வென்ற சில நாட்களில் சோவியத் அரசு வெளியிட்ட மக்கள் உரிமைப் பிரகடனத்தின் நான்கு கோட்பாடுகளில் ஒன்று தேசியச் சிறுபான்மைகளின் தடையற்ற வளர்ச்சி.

லெனினுடைய கணக்கில் ஒன்று போதும். இந்திய முதலாளித்துவ அரசின் கணக்கில் பத்து வேண்டும், நாற்பது வேண்டும், அறிவிப்பும் வேண்டும். பின்லாந்து சோஷலிச நாடு அன்று. அங்கேகூட ஒரு நகராட்சியில் ஸ்வீடிஷ் பேசுவோர் நூற்றுக்கு 8 பேர், அல்லது 3,000 பேர் இருந்தாலே அந்நகராட்சி இருமொழி நகராட்சி. 1956-இன் இந்தியக் குறிப்பாணை மாநில அளவில் 30 விழுக்காடு கேட்டது. தாலுகா அளவில் 15, 20 விழுக்காடு இருந்தால் முக்கிய அறிவிப்புகளை அம்மொழியில் அச்சிடலாம் என்றது.

பள்ளிக்காக வேலைநிறுத்தம் செய்த மண் நெய்யாற்றின்கரை. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்த வட்டத்தின் தலித் விவசாயத் தொழிலாளரைத் திரட்டினார். தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை நிலவுடைமையாளரின் வயலில் இறங்குவதில்லை என்று அவர்கள் நின்றார்கள். வயல்கள் தரிசாயின, பட்டினியும் அடியும் பட்டார்கள், பின்வாங்கவில்லை. அரண்மனை ஆணை ஏற்கெனவே இருந்தது, ஆனால் ஆணையால் பள்ளிக்கதவு திறக்கவில்லை. அந்த உழைப்பாளிகள் கூலி உயர்வையும் எழுத்தறிவையும் இரண்டு போராட்டமாகப் பார்க்கவில்லை. இன்று மொழி பேசினால் வர்க்கம் மறந்துபோகும் என்று அஞ்சுவோர் அவர்களிடம் பாடம் கேட்கலாம்.

எல்லைப் பகுதியில் கோர வேண்டியவை நுணுக்கமானவை அல்ல. தமிழ் வழிப் பிரிவின் கடைசி ஆசிரியர் பணியிடத்தைத் தலைக்கணக்கைக் காட்டி நீக்கக் கூடாது. தமிழ் வழி இல்லாத பள்ளியில் ஒரு குழந்தை கேட்டாலும் தமிழ் கற்பிக்க அரசு செலவில் ஆசிரியர் வர வேண்டும். உள்ளூர் அலுவலகங்களில் தமிழில் மனு கொடுத்துத் தமிழில் பதில் பெற அறிவிப்பு என்ற நிபந்தனை போக வேண்டும். இவை அத்தனையும் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் மலையாளம் பேசுவோருக்கு, அதே சொற்களில், அதே துண்டறிக்கையில் கேட்கப்பட வேண்டும். துண்டறிக்கை இரு மொழியிலும் அச்சாக வேண்டும். பாறசாலையில் மலையாளத் தோழரும் களியக்காவிளையில் தமிழ்த் தோழரும் அதைக் கொடுக்க வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அதற்கு முன் மே மாதம் முழுவதும் இருக்கிறது. எந்த வீட்டில் எந்தக் குழந்தை எந்த மொழியில் படிக்க விரும்புகிறது, எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியர் ஓய்வு பெறுகிறார், எந்தப் பணியிடம் காலியாகவே விடப்பட்டிருக்கிறது என்ற கணக்கை அரசு எடுக்குமுன் எல்லைக்கோட்டின் இருபுறக் கிளைகளும் வீடுவீடாகப் போய் எடுத்து முடிக்க வேண்டும்.